ரோரோஸ் பனியில் ட்ரோனா, கமராவா?

போன பெப்ரவரியில் ரோரோசுக்குப் போனபோது இரண்டையும் கொண்டு போனேன்: 249 கிராம் எடையுள்ள சின்ன ட்ரோன் ஒன்று, ஏற்கெனவே ஒருவர் பாவித்து விற்ற பத்து வயது டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்று. இந்த முறை கமரா மட்டும்தான் பையில் இருக்கிறது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ரோரோஸ் நோர்வேயின் பழைய செம்புச் சுரங்க ஊர், சுவீடன் எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. 1644இல் தொடங்கிய கம்பனி 1977இல் வங்குரோத்தானது. மூன்று ஆண்டுகளில், 1980இல், யுனெஸ்கோ ஊரைத் தன் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மரவீட்டுத் தெருக்களுக்குப் பக்கத்திலேயே உருக்காலையின் கசடு கறுப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஊரைவிட்டு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் போனால் ஸ்டூர்வார்ட்ஸ் சுரங்கப் பகுதி: மரக் கட்டடங்கள், கழிவுக் கற்குவியல்கள், நீர் தேக்கிய பழைய அணைகள். குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1914 ஜனவரியில் இங்கே மைனஸ் 50.4 பாகை பதிவாகியிருக்கிறது. மைனஸ் 20 என்றால் ஊர்க்காரருக்கு ஒரு புதினமும் இல்லை.

ட்ரோனுக்குச் சேரவேண்டிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1646இல் டென்மார்க்-நோர்வே அரசர் இந்தக் கம்பனிக்கு, சுரங்கத்தை நடுவில் வைத்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர் ஆரையில் ஒரு வட்டத்தையே எழுதிக்கொடுத்தார். அதற்குள் இருந்த மரம், ஆறு, ஆட்களின் உழைப்பு எல்லாவற்றிலும் கம்பனிக்கு முன்னுரிமை. பாறையைச் சூடாக்கி உடைக்க விறகு, உருக்கக் கரி என்று காடு முழுக்கப் போய்விட்டது. அந்த மொட்டை மலைகளின் விரிவு தரையில் நிற்கிறவனுக்குப் பிடிபடாது. நூறு மீற்றர் மேலே போனால் அணை எங்கே, வாய்க்கால் எங்கே, கற்குவியல் ஏன் அந்த இடத்தில் கிடக்கிறது என்று ஒரே பார்வையில் விளங்கும். அந்தக் காலத்தில் சறுக்குவண்டிகள் உறைந்த ஏரிகளையே தெருவாக வைத்துச் சாமான் ஏற்றின. அந்த வெண்பரப்பின் நீளத்தையும் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். போன வருடம் நான் எடுத்தவற்றில் எல்லாரும் நல்லது என்ற படம் ட்ரோன் படம்தான். மறுக்கவில்லை.

ஆனால் ட்ரோனின் கமராவை நேர்கீழாகத் திருப்பினால் பனி எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. கூரையும் வெள்ளை, நிலமும் வெள்ளை. இடிபாட்டின் அழகு நிற்கிற சுவரில்தான் இருக்கிறது: கறுத்த பலகை, உடைந்த சன்னல், ஆணியிலிருந்து ஒழுகிய துரு. அதற்கு மனிதக் கண்ணின் உயரம் போதும்.

சட்டம் சுருக்கமாக: கமரா உள்ள ட்ரோன் என்றால் 250 கிராமுக்குக் குறைந்தாலும் உங்கள் பெயரைப் பதிய வேண்டும், 120 மீற்றருக்கு மேல் ஏற்றக்கூடாது, எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நோர்வேயில் விமான நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. ரோரோஸ் விமான நிலையம் ஊரின் ஓரத்திலேயே இருக்கிறது. ஆக, அந்தக் கசட்டு மலைக்கு மேல் சும்மா ஒரு சுற்று என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எனக்கு முடிவைத் தந்தது வேறு: காத்திருப்பது.

இந்த ஊரில் டிசம்பர் கடைசியில் பகல் ஐந்து மணித்தியாலம்தான். நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து நாலு பாகைக்கு மேல் ஏறாது. பெப்ரவரியில் கொஞ்சம் பரவாயில்லை. ஒளி வந்தால் பக்கவாட்டில் வரும். ஒவ்வொரு கல்லுக்கும் நீள நிழல், பனி ரோசா நிறம், நிழலெல்லாம் நீலம். வந்தால் என்பதுதான் பிரச்சினை. மேகம் ஒரு விரற்கடை விலகும்வரை நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்று ஸ்டூர்வார்ட்ஸில் மைனஸ் 9. எங்கள் ட்ரோனுக்குக் கையேட்டில் மைனஸ் 10 வரைதான் அனுமதி, அதனால் ஓரத்தில்தான் நின்றோம். மருமகன் பறக்கவிட்டான், நான் முக்காலியில் கமராவைப் பூட்டிவைத்துவிட்டு நின்றேன். முப்பது நிமிடத்துக்கு மேல் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்த பற்றரி பதினெட்டாவது நிமிடத்தில் இறங்கு என்றது. வானம் சாம்பல். இரண்டாவது பற்றரி, மூன்றாவது, அதே சாம்பல்.

"மாமா, இன்னும் எவ்வளவு நேரம் நிக்கிறது? விறைக்குது."

அவன் காருக்குள் போய்ப் பத்து நிமிடமிருக்கும். மேகத்தில் ஒரு கீறல் விழுந்தது. பலகைச் சுவர் செம்பாகவே மாறியது. நாலு நிமிடம், பிறகு அணைந்தது. நான் பதினொரு படம் எடுத்தேன். மூன்று பற்றரியும் வெறுமையாகக் கிடந்தன. காரிலேயே ஏற்றலாமே என்றால், குளிர்ந்த லித்தியம் பற்றரியை அப்படியே ஏற்றுவது அதைக் கொல்வதற்குச் சமம். முதலில் சூடாக்க வேண்டும்.

ஒளி வந்தபிறகு ட்ரோனை மேலே ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அடுத்த நாள் அப்படித்தான் செய்து பார்த்தேன். சட்டைக்குள் வைத்திருந்த பற்றரியைப் போட்டு, செயற்கைக்கோள்கள் பிடிபடும்வரை பார்த்திருந்து, தரைக்குக் கொஞ்சம் மேலே ஒரு நிமிடம் மிதக்கவிட்டுப் பற்றரியைச் சூடாக்கி, மேலே ஏற்றி, சட்டகம் அமைப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விட்டது. நாலு நிமிட ஒளிக்கு ஐந்து நிமிட ஆயத்தம்! முன்கூட்டியே போட்டு வைத்தால் பற்றரி தரையிலேயே குளிர்ந்துவிடும்.

என் பழைய டிஎஸ்எல்ஆருக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி வழியாகப் பார்க்கிற வ்யூஃபைண்டருக்கு மின்சாரமே வேண்டாம், அதனால் இரண்டு மணித்தியாலம் வெறுமனே நின்றாலும் பற்றரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கமராவில் திரை எந்நேரமும் மின்சாரம் குடிக்கும், கடுங்குளிரில் அது மந்தமாவதையும் நண்பர் ஒருவரின் கமராவில் கண்டேன். ஒரே நாள் பார்த்ததுதான், அதை வைத்துப் பெரிதாக அடித்துச் சொல்ல மாட்டேன்.

கமராவுக்குத் தேவையான கவனிப்பு கொஞ்சம்தான். பனியைச் சாம்பலாக்கிவிடும் கமராவின் ஒளிமானியை நம்பாமல் ஒன்று, ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டி வையுங்கள். லென்ஸின் மேல் மூச்சுவிடாதீர்கள், அந்த இடத்திலேயே உறையும். உள்ளே போவதற்கு முன்பு, வெளியிலேயே நின்று, கமராவை ஸிப் பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் பூக்கும். இதை மறந்து, கோப்பிக் கடைக்குள் அப்படியே நுழைந்து, ஒரு முழு மாலையை லென்ஸைப் பார்த்துக்கொண்டே கழித்திருக்கிறேன். தவறு என்னுடையதுதான்.

ட்ரோனை நான் இரண்டு குளிர்காலம்தான் பறக்கவிட்டிருக்கிறேன், அதுவும் சின்ன ரகம். தானே சூடாகும் பற்றரி உள்ள பெரிய ரகங்களைத் தொட்டதில்லை. அவற்றில் இந்தக் கணக்கு மாறலாம். உறையும் மூடுபனியில் இறக்கைகளில் பனி பிடிக்கும் என்பதால் அந்த மாதிரி நாட்களில் ஏற்றிப் பார்த்ததும் இல்லை.

மார்ச் கடைசியில், பகல் நீண்டு குளிர் மைனஸ் 5க்கு வந்ததும், மருமகன் ட்ரோனோடு ஃபெமுன்ட் ஏரிப் பக்கம் போகலாம் என்கிறான். அங்கே 1743 முதல் 1822 வரை ஓர் உருக்காலை இருந்தது. பற்றரிகளை அவனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். முக்காலியை நான் தூக்குகிறேன்.