எதிர்த்த கடைக்குப் போக ஆட்டோ

இந்த தடவை நெல்லை போயிட்டு வந்ததுல மத்ததெல்லாம் விடுங்க, வண்ணாரப்பேட்டையில ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்குற ஜவுளிக்கடையில இருந்து அந்தப் பக்கம் இருக்குற ஜவுளிக்கடைக்குப் போக 60 ரூபா குடுத்து ஆட்டோ பிடிச்சேன். சொன்னா சிரிக்கிறாங்க.

அக்கா மக கல்யாணத்துக்கு துணி எடுக்கப் போனோம், கடை பேரெல்லாம் வேண்டாம். உள்ள ஒரு குறை சொல்ல முடியாது, லிஃப்ட் இருக்கு, அம்மாவுக்கு முட்டி வலின்னதும் ஒரு பையன் சேர் தூக்கிட்டு வந்துட்டான். டவுன்ல நெல்லையப்பர் கோயிலைச் சுத்தி இருக்குற ரத வீதி கடைகள்ல ஜமக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்து மலை மாதிரி சேலைய கலைச்சுப் போட்ட சொகம் இதுல இல்லதான், ஆனா அம்மாவால இப்ப கீழ உக்காரவா முடியும்? பட்டு முடிஞ்சுது. வேட்டி சட்டை மட்டும் எதிர் கடையிலதான் எடுக்கணும்னு அக்கா பிடிவாதம்.

போர்டு கண்ணு முன்னாடி மின்னுது. நடுவுல மீடியன், அது மேல இரும்புத் தடுப்பு, ஜீப்ரா கோடு கண்ணுல படல, பிளாட்ஃபாரம் பூரா பைக்கு. வாசல்ல நின்ன செக்யூரிட்டிதான் எனக்கு ரொம்ப எரிச்சலைக் கிளப்பினாரு. கடையில இருந்து ஒரு கார் வெளிய வந்தா போதும், விசில ஊதி கைய நீட்டி டவுன் பஸ்ஸயே நிறுத்திடுறாரு, வயசான அம்மா கூட நிக்கிறோம் எங்களுக்கு விசில் இல்ல. கேட்டா "கேட் வரைக்கும்தான் சார் என் டூட்டி"ன்னுட்டாரு.

நான் இருக்குறது சிங்கப்பூர்ல ஜுரோங் ஈஸ்ட் பக்கம். எம்ஆர்டி ரயில்ல இருந்து இறங்கினா ரோட்டுல காலே வைக்காம மேல்நடைபாதையிலயே ஒரு மால்ல இருந்து அடுத்த மாலுக்குப் போயிடலாம். வயசானவங்க அவங்களுக்குக் குடுத்திருக்குற கார்டை சிக்னல் கம்பத்துல வெச்சா பச்சை விளக்கு கொஞ்சம் கூடுதலா எரியும், 2009ல இருந்தே இருக்கு. இதைச் சொன்னா "வந்துட்டாரு சிங்கப்பூர் துரை"ன்னு மச்சான் கிண்டல் பண்றாரு. சரி சிங்கப்பூரை விடுங்க, நம்ம டவுனையே எடுத்துக்குங்க. ஆனித் தேர் ஓடுறதுக்காக நாலு ரத வீதியையும் அகலமா விட்டுருக்காங்க, கோயிலைச் சுத்தி நடந்தே எல்லாம் வாங்கிடலாம், அப்படியே இருட்டுக்கடை அல்வா வரிசையிலயும் நின்னுடலாம்.

அங்க பெரிய கடை கட்ட இடம் இல்லதான். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டையும் 2018ல மூடி 2024லதான் திறந்தாங்க, அதுக்குள்ள அங்க இருந்த கடைக்காரங்க பொழப்பு காஞ்சே போச்சு. சனமெல்லாம் ஆத்தைத் தாண்டி வண்ணாரப்பேட்டைக்கு வந்தாச்சு, 1924ல டவுன்ல ஆரம்பிச்ச ஆரெம்கேவி ஜவுளிக்கடையே இங்கதான் இருக்கு. வரட்டும், நல்லதுதான். ஆனா தமிழ்நாட்டுல 2019ல போட்ட கட்டட விதியில இத்தனை சதுர மீட்டர் கடைக்கு இத்தனை கார் நிக்க இடம்னு கணக்கு இருக்குல்ல, பஸ்ல வந்து இறங்குற ஆளு எப்படி ரோட்டைத் தாண்டுவான்னு பிளான் பாஸ் பண்ணும்போது ஒருத்தராவது கேட்டாங்களா?

கடைசில ஆட்டோதான். "எங்க அண்ணாச்சி?"

"எதிர்த்த கடைக்கு தம்பி."

நக்கல் பண்ணுவான்னு பார்த்தா அவன் முகத்துல ஒண்ணுமே இல்ல, "80 குடுங்க, மேம்பாலத்துக்குக் கீழ போய்த்தான் திரும்பணும், தெனம் இப்படி நாலு சவாரி வரும்"கிறான். அம்மா விடல, "ஏல, கைக்கெட்டுற தூரத்துக்கு 80ஆ?"ன்னு பேசி 60க்கு கொண்டு வந்துட்டாங்க. அவனும் "ஏறுங்க ஆச்சி"ன்னு கை குடுத்து ஏத்திவிட்டான். டிராஃபிக்ல ஊர்ந்து சுத்தி வந்து இறங்கினா, நாங்க புறப்பட்ட கடை வாசல்ல அந்த செக்யூரிட்டி இன்னொரு காருக்கு விசில் அடிச்சுக்கிட்டு இருக்காரு.

கல்யாண ஜவுளிக்குப் போறவங்க, எந்தக் கடையில எதுன்னு வீட்டுலயே பேசி முடிச்சுட்டு ரோட்டுக்கு ஒரே பக்கமா எடுத்துக்குங்க. அக்கா மாதிரி ஆளு கூட வந்தா ஆட்டோவுக்கு சில்லறை தனியா வெச்சுக்குங்க, அவன்கிட்ட 500க்கு சில்லறை கிடையாது.