கையால் கட்டிய ராஸ்பெர்ரி பை டேப்லெட்: விளையாட்டுக்கு எவ்வளவு தாங்கும்?

கடையில் வாங்கும் டேப்லெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ப்ராசசரின் வேகத்தில்தான் தொடங்குவார்கள். ஒரே அட்டையில் அடங்கிய சிறு கணினியான ராஸ்பெர்ரி பை போர்டை வைத்து நாமே கட்டிக்கொள்ளும் டேப்லெட்டில் வேகம் கடைசியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம். 2023 அக்டோபரில் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை 5-இல் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கார்டெக்ஸ்-ஏ76 கோர்கள் இருக்கின்றன. சாதாரண மொபைல் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தாராளம். குறைபடுவது பேட்டரியும், அதற்கும் மேலாக, நாம் விளையாடாத நேரத்தில் இந்தக் கருவி நடந்துகொள்ளும் விதமும்தான்.

இங்கே மதிப்பிடப்படும் டேப்லெட்டில் 8 ஜிபி நினைவகம் கொண்ட பை 5, 2024 நவம்பரில் வந்த 7 அங்குல ‘டச் டிஸ்ப்ளே 2’ திரை, இரண்டு 18650 லித்தியம் செல்கள், அவற்றின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும் ஒரு சிறு போர்டு, விசிறியுடன் கூடிய ஹீட் சிங்க் ஆகியவை உள்ளன. இயங்குதளமாக, ஆர்வலர்கள் பை போர்டுக்கென்று தொகுத்து இலவசமாக வெளியிடும் லினேஜ்ஓஎஸ் ஆண்ட்ராய்டு. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் வேட்ராய்டு மூலம் ஆண்ட்ராய்டை ஓட்டும் வழியும் உண்டு. ஆனால் பை 5-க்கான இயல்பான கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகத்தை 16 கேபி துண்டுகளாக, அதாவது ‘பக்கங்களாக’, பிரித்துப் பயன்படுத்துவதும், வேட்ராய்டின் ஆண்ட்ராய்டு 4 கேபி பக்கங்களை எதிர்பார்ப்பதும் ஒத்துப்போகாததால், முதலில் கர்னலை மாற்றிவிட்டுத்தான் அதைத் தொடவே முடியும். விளையாட மட்டும் வேண்டும் என்பவர்கள் நேரடியாக ஆண்ட்ராய்டையே மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதிவிடுவது நல்லது.

திரையைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. 2015-இல் வந்த பழைய 7 அங்குலத் திரையின் 800 × 480 புள்ளிகளில் இன்றைய விளையாட்டுகளின் சிறு எழுத்துகள் கலங்கலாகத் தெரியும். ஓரத்துப் பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். புதிய திரையின் 720 × 1280 புள்ளிகள் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டன. இது அடிப்படையில் நெடுக்காக நிற்கும் திரை என்பதால், ஒரே கையில் பிடித்து ஆடும் புதிர் விளையாட்டுகளுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஐந்து விரல்களின் தொடுகையை ஒரே நேரத்தில் உணரும். இரண்டு கட்டைவிரல்களால் ஆடுகிறவருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

இனி விளையாட்டுகள். கட்டணமில்லாத திறமூல விளையாட்டுகள் எஃப்-டிராய்டு தொகுப்பில் ஏராளமாக இருப்பதால், கூகுள் சேவைகள் எதுவுமின்றியே இந்த டேப்லெட்டை நிரப்பிவிடலாம். ‘ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன்’ இதற்கென்றே செய்ததுபோல் அமைகிறது: நெடுக்குத் திரை, ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரு நகர்வு, அவசரம் எதுவும் இல்லை, விசிறியும் சத்தம் போடுவதில்லை. ‘அன்சிவ்’ விளையாட்டில் நகரங்கள் பெருகிய பிறகு ‘அடுத்த முறை’ பொத்தானை அழுத்தினால் மற்ற நாடுகளின் நகர்வுகளையெல்லாம் கணிக்க ப்ராசசர் உழைக்க வேண்டும். ஏ76 கோர்களின் பலம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ பந்தயத்தில் நிலைமை வேறு. வரைகலைத் தரத்தைக் குறைத்து வைத்தால் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நிழலையும் ஒளி விளைவுகளையும் இயக்கிய மாத்திரத்தில் வளைவுகளில் படம் திக்குகிறது. போர்டில் உள்ள வீடியோகோர் 7 ஜிபியூவின் (வரைகலைச் சில்லின்) எல்லை அதுதான். விளையாட்டுகள் அந்தச் சில்லோடு பேச உதவும் வல்கன் டிரைவர் மென்பொருள் முறையானது, தொடர்ந்து மேம்பட்டும் வருகிறது. இருந்தாலும் பெரிய முப்பரிமாண உலகங்களை விரிக்கும் விளையாட்டுகளுக்கு இந்தச் சில்லு செய்யப்படவில்லை.

பெரும் பெயர் பெற்ற இணைய விளையாட்டுகளை எதிர்பார்த்து இதைக் கட்டுகிறவர்கள் ஏமாறுவார்கள். அதற்குக் காரணம் வரைகலை மட்டும் அன்று. கூகுள் சேவைகளைத் தனியாக நிறுவி, சான்று பெறாத கருவி என்று பதிவு செய்துகொண்டால் பிளே ஸ்டோர் திறக்கும். ஆனால் கருவியின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் இதுபோன்ற கைவினைக் கருவி தேறுவது அரிது. அந்தச் சோதனையை வலியுறுத்தும் விளையாட்டு, நிறுவப்பட்ட பிறகும் உள்ளே விடாமல் நிறுத்திவிடலாம். ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்க விளையாட்டு நிறுவனங்கள் போட்ட வேலிக்கு வெளியே நாமும் சேர்ந்து நிற்கிறோம். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் மறுக்க முடியாது. பழைய விளையாட்டுகளுக்கு இன்னொரு தடை: 64 பிட்டுக்கு மட்டும் தொகுக்கப்பட்ட ஆண்ட்ராய்டில், 32 பிட் நூலகங்களை மட்டும் கொண்ட செயலிகள் நிறுவிக்கொள்ளவே மறுக்கும்.

வெப்பத்தைச் சமாளிக்க முடிகிறது. போர்டு 80 டிகிரி செல்சியஸை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறி இருந்தால் அந்த அளவுக்குப் போவதில்லை. விலை தடிமனில்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய யூஎஸ்பி துளைகளும் நெட்வொர்க் துளையும் போர்டின் ஓரத்தில் உயர்ந்து நிற்பதால், விசிறி இல்லாவிட்டாலும் இது மெல்லிய டேப்லெட்டாக ஆகப்போவதில்லை. இரண்டு செல்களையும் ஒரே பக்கம் வைக்காமல், பக்கத்துக்கு ஒன்றாகப் பின்புறம் பதித்தால் அவையே கைப்பிடிபோல் விரல்களுக்குள் அடங்குகின்றன. எடையும் ஒரு மணிக்கட்டில் மட்டும் இறங்குவதில்லை.

பேட்டரிதான் உண்மையான தலைவலி. 3000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு செல்களில் ஏறத்தாழ 21.6 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. மின்னழுத்தத்தை உயர்த்தும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால் 19 மிஞ்சும். போர்டு, திரை, விசிறி எல்லாம் சேர்ந்து ஆட்டத்தின்போது 9 வாட் இழுக்கும் என்று வைத்தால், இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்தது. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, இந்தப் போர்டுக்கு உறங்கத் தெரியாது என்பதுதான். நினைவகத்தை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நிறுத்திவைக்கும் வசதி ராஸ்பெர்ரி பை போர்டுகளில் இல்லை. திரையை அணைத்தாலும் போர்டு ஏறக்குறைய 3 வாட்டைத் தின்றுகொண்டே இருக்கும். ஆறேழு மணி நேரம் மேசையில் சும்மா கிடந்தாலே பேட்டரி காலியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முழுதாக அணைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்து ஆடும் சுகம் அதோடு போயிற்று. மொபைல் விளையாட்டின் பாதி இன்பமே அதில்தானே இருக்கிறது!

முழுதாக அணைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிட்டால், பை 5 அணைந்த நிலையிலும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கும். தொடக்க அமைப்புகளைச் சேமித்து வைக்கும் போர்டின் இஇபிராம் சில்லில், அணைந்ததும் மின்சாரத்தை அறவே துண்டிக்கச் சொல்லும் ஒரு வரியை மாற்றினால்தான் அந்தக் கசிவு நிற்கும். அதற்கு ஒருமுறை ராஸ்பெர்ரி பை ஓஎஸ் உள்ள கார்டைப் போட்டு இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் பேட்டரி நிற்கவில்லை என்று செல்களை மாற்றுவது வீண் செலவு. மின்சாரம் தரும் போர்டு 5 ஆம்பியர் தராமல் 3 ஆம்பியரோடு நின்றுவிட்டால், யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டுமே கிடைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு கேம்பேடுக்கு அது போதும்.

ஒலிக்கு பை 5-இல் 3.5 மில்லிமீட்டர் துளை கிடையாது. சிறு யூஎஸ்பி ஒலி அட்டையும் கம்பி இயர்போனும் போதுமானவை. புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வருவதால் தாளத்துக்கு ஏற்பத் தட்டும் விளையாட்டுகள் ருசிப்பதில்லை. கருவியைச் சாய்த்து ஓட்டும் விளையாட்டுகளை மறந்துவிடலாம்: போர்டில் சாய்வை உணரும் சென்சார் எதுவும் இல்லை. எம்பியூ-6050 போன்ற ஒன்றைக் கம்பியால் இணைத்து, இயங்குதளத்துக்கும் அதைப் பழக்கினால் ஒழிய வழியில்லை.

இதே டேப்லெட்டைக் கட்டப்போகிறவர்கள் முதலில் சேர்க்க வேண்டியது பேட்டரியின் அளவை அளக்கும் சில்லு. அது இல்லாத நிலையில் ஆண்ட்ராய்டு எப்போதும் 100 சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை எதுவுமின்றித் திடீரென்று திரை இருண்டுவிடும். மைக்ரோ எஸ்டி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி மின்சாரம் அறுந்தால், சேமித்த ஆட்டம் மட்டுமல்லாமல் கார்டின் கோப்பு அமைப்பே சிதைய வாய்ப்பு உண்டு. மேக்ஸ்17048 என்ற சில்லுக்கு லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. சில்லுகள் போர்டோடு பேசும் ஐ2சி இணைப்பில் நான்கே கம்பிகள், கூடவே அமைப்புக் கோப்பில் கொஞ்சம் வேலை. அதைப் பொருத்தும் வரை, ‘அன்சிவ்’ போல ஒவ்வொரு முறை முடிந்ததும் தானாகவே சேமித்துக்கொள்ளும் விளையாட்டுகளை மட்டும் இதில் வைத்திருப்பது உத்தமம்.