துருவேறிய பிரேக் நட்டும் 640 ரூபாய் ஸ்பானரும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் உப்பளம் தெரியும். தூத்துக்குடி, முத்தையாபுரம். கேட்டின் தாழ்ப்பாளுக்கு ஒரு வருடம் பெயின்ட் அடிக்க மறந்தால் அடுத்த வருடம் தாழ்ப்பாளே இருக்காது. இப்படிப்பட்ட ஊரில், 1997இல் வாங்கிய மாருதி 800ஐ அப்பாவின் நினைவாக இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நினைவு என்பது பாதி உண்மை. புது கார் வாங்கப் பணமில்லை என்பது மீதிப் பாதி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. காரின் சக்கரங்கள் பாதிக்கு மேல் முழுகிக் கிடந்தன. வடிந்த பிறகு இன்ஜினைப் பார்த்தோம், சீட்டைக் காயவைத்தோம், கதவுக்குள் சேர்ந்த சேற்றைக் கழுவினோம். காரின் அடித்தகட்டுக்குக் கீழே, சக்கரங்களுக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் பிரேக் பைப்பை யாரும் நினைக்கவில்லை. அது எங்களை நினைவில் வைத்திருந்தது.

இந்த வருடம் பங்குனியில் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையத் தொடங்கியது. ஒரே மாதத்தில் இரண்டு முறை ஊற்றினேன். பிரேக் ஆயில் பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் இல்லை. சீக்கிரம் குறைகிறது என்றால் எங்கோ வெளியே போகிறது என்று பொருள். காரை ஏற்றி நிறுத்தி, அடியில் சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்தேன். பின்பக்கம், பைப்பைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப்புக்குள் வெள்ளத்துச் சேறு கல்லாக இறுகியிருந்தது. அந்த இடத்தில் பைப் வியர்த்துக்கொண்டிருந்தது.

பைப் விலை பெரிதில்லை. பழைய பைப்பின் முனைகளில் இருக்கும் நட்டுகளைக் கழற்றுவதுதான் வேலை. இந்த மதிப்புரையும் அதற்காக நான் வாங்கிய ஸ்பானரைப் பற்றியதுதான். ஆனால் நட்டைத் தெரியாமல் ஸ்பானரைப் பேச முடியாது.

பிரேக் பைப் ஐந்து மில்லிமீட்டருக்கும் சற்று மெல்லிய எஃகுக் குழாய். அது நட்டின் நடுவே புகுந்து வரும். அதன் நுனி பூவாய் விரிந்திருக்கும். நட்டு அந்தப் பூவை எதிர்ப்பக்கத்தில் வைத்து அழுத்துகிறது. ஆயில் கசியாமல் காப்பது அந்த அழுத்தம்தான், மரை இல்லை. என் காரில் நட்டு 10 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகம் அளவு. துரு இரண்டு இடத்தில் பிடிக்கும். ஒன்று மரையில். இன்னொன்று நட்டின் துளைக்கும் பைப்புக்கும் இடையில். நான் பாலிடெக்னிக் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். இரும்பு துருவானால் பருமன் பெருகும் என்று வருடந்தோறும் மாணவர்களிடம் சொல்கிறவள். அந்தப் பெருக்கம் இடைவெளியில் ஆப்பு அடித்தது போல இறுகும். மரையில் மட்டும் பிடித்திருந்தால் பொறுமை போதும். பைப்போடு பிடித்திருந்தால் நட்டு சுற்றும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், ஈரத்துணி பிழிவது போல.

இவ்வளவும் தெரிந்த நான் முதல் நாள் என்ன செய்தேன்? அப்பாவின் டப்பாவிலிருந்து சாதாரணத் திறந்த வாய் ஸ்பானரை எடுத்து, பைப்போடு ரப்பர் ஹோஸ் சேரும் இடத்திலிருந்த நட்டில் வைத்து இழுத்தேன். திறந்த வாய் ஸ்பானர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். ஒரு வழுக்கல், ஒரு விரல் சிராய்ப்பு, நட்டின் இரண்டு முனை மழுங்கல். ஆறுமுகம் இருந்த நட்டு உருண்டைக்குப் பாதி வழி வந்துவிட்டது.

இதற்கென்றே ஒரு ஸ்பானர் இருக்கிறது: பிளேர் நட் ஸ்பானர். பார்ப்பதற்கு ரிங் ஸ்பானர்தான். வளையத்தில் மட்டும் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அந்த வெட்டு வழியாகப் பைப்பை உள்ளே விட்டு, ஸ்பானரை நட்டின் மேல் இறக்கினால் ஆறில் ஐந்து முகத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். முதலில் 180 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பெயர் எதுவும் பொறித்திருக்கவில்லை. போடாதவர் நல்ல காரியம் செய்தார். இரண்டாவது இழுப்பிலேயே வெட்டு விட்ட வாய் விரிந்தது. பிறகு அளந்தேன்: 10 என்று அச்சிட்ட வாய் பத்தரையைத் தொட்டிருந்தது. வளையத்தை வெட்டியவுடன் அதன் பலம் பாதி போய்விடுகிறது. அந்தக் குறையை நல்ல எஃகும் தடித்த உடம்பும்தான் ஈடுகட்ட வேண்டும். இதில் இரண்டும் இல்லை.

மறுநாள் பஜாரில் வேறொரு கடையில் 640 ரூபாய்க்கு வாங்கியதுதான் இப்போது கையில் இருப்பது. ஒருபுறம் 10, மறுபுறம் 12. குரோம் வனேடியம் எஃகு. தலை நல்ல தடிமன். கடை அண்ணாச்சி, “பைப் துண்டு கொண்டுவந்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். கொண்டுபோயிருந்தேன். வெட்டு வழியே அதை விட்டுக் காட்டி, பிறகு ஒரு புது நட்டில் ஸ்பானரை மாட்டி ஆட்டிக் காட்டினார். ஆட்டமே இல்லை. பொருளைக் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லும் கடைக்காரர் இந்தக் காலத்திலும் இருக்கிறார் என்பதற்காகவே நாற்பது ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை.

அந்த ஸ்பானரோடு இரண்டு மாலை, முன்னர் சொன்ன அந்த மழுங்கிய நட்டோடு போராடினேன். இளக்கும் எண்ணெய் ஸ்பிரே அடித்து இரவு ஊறவிட்டேன், கம்பி பிரஷால் தேய்த்தேன், சுத்தியலால் மெல்லத் தட்டினேன், மறுபடி அடித்தேன். முனை மழுங்கிய நட்டில் எவ்வளவு நல்ல ஸ்பானரும் வழுக்கத்தான் செய்யும். அது ஸ்பானரின் குற்றமில்லை. மூன்றாம் நாள் அப்பா காலத்து மெக்கானிக் மாமா அந்தப் பக்கம் வந்தார். நாற்பத்தேழு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான். குனிந்து பார்த்தார்.

“ஹோஸையும் மாற்றப்போகிறாயா, பாப்பா?”

“ஆமாம் மாமா. ரப்பர் வெடித்திருக்கிறது.”

“பைப்பும் புதிது, ஹோஸும் புதிது. அப்புறம் இந்த நட்டை யாருக்காகக் கழற்றுகிறாய்?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பைப்பை வெட்டினால் நட்டும் ஹோஸும் சேர்ந்தே குப்பைக்குப் போய்விடும். இரண்டு மாலை நான் காப்பாற்ற முயன்றது குப்பையை. எந்த நட்டு, காரில் தங்கப்போகிற பாகத்துக்குள் போகிறதோ அதுதான் முக்கியம். என் விஷயத்தில் அப்படி இரண்டு: காரின் அடித்தகட்டுக்குக் கீழே இரண்டு பைப்புகள் சேரும் பித்தளை இணைப்பில் ஒன்று, சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரில் ஒன்று.

மாமா உதவுவதாகச் சொல்லி கேஸ் டார்ச்சை எடுத்து வந்தார். சூடு காட்டினால் இறுகிய நட்டு விடும் என்பது சரிதான். ஆனால் பக்கத்தில் பெட்ரோல் டேங்க், பைப்புக்குள் பிரேக் ஆயில், அதுவும் எரியும். சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வேறு கருகும். போதாக்குறைக்கு அந்த இடத்தைத் துடைக்க நான் வைத்திருந்த பிரேக் கிளீனர் குளோரின் கலந்த வகை. அந்த ஆவி தீயில் பட்டால் நச்சு வாயுவாகும். வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஒரு காபியில் சரியாகிவிட்டது.

பித்தளை இணைப்பில்தான் ஸ்பானரின் உண்மையான சோதனை. அந்த நட்டு உருண்டுவிட்டால் முன்பக்கம் இன்ஜின் வரை போகும் நல்ல பைப்புக்கும் கேடு. மூன்று இரவு ஊறவிட்டிருந்தேன். ஸ்பானரைப் பைப்பின் பக்கமிருந்து முழுமையாக இறக்கி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு அழுத்தினேன். பிறகு எதிர்த்திசை. “டிக்” என்று ஒரு சத்தம். நட்டு உடைந்தால் வருவதும் ஏறக்குறைய இதே சத்தம்தான் என்பதால் ஒரு நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து பார்த்தபோது நட்டு சுற்றியிருந்தது. பைப் அசையாமல் நின்றது. ஆறு முனையும் கூர்மையாக இருந்தன. 640 ரூபாய் அந்த ஒரு நொடியில் வசூலாகிவிட்டது.

வீல் சிலிண்டர் நட்டு அப்படி விடவில்லை. நட்டு சுற்றியது, பைப்பும் கூடவே முறுக்கியது. இங்கே இந்த ஸ்பானரைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். தலை தடிமனானது நல்லதுதான், ஆனால் பின்பக்க அச்சுக்கும் பிரேக் டிரம்மின் பின்தகட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் அதைத் திருப்ப இடமில்லை. ஆறுமுக வாய் என்பதால் ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு சுற்றாவது திருப்பினால்தான் அடுத்த பிடி கிடைக்கும். எனக்குக் கிடைத்த இடம் அதில் பாதி. பைப் எப்படியும் போகப்போவதுதானே என்று நட்டை ஒட்டி ரம்பத்தால் அறுத்துவிட்டு, நட்டைத் தொப்பி போல மூடும் 10 மில்லிமீட்டர் ஆறுமுக சாக்கெட்டை முழுதாக மாட்டித் திருப்பினேன். வந்துவிட்டது. பைப்பைத் தியாகம் செய்ய மனம் இருந்தால் சாக்கெட்டைவிட நல்ல ஸ்பானர் கிடையாது. பன்னிரண்டு முனை சாக்கெட் மட்டும் வேண்டாம். துரு அரித்த நட்டில் அது வழுக்கும்.

இரண்டு சிறு விஷயங்கள். பைப்பைத் திறந்தவுடன் டப்பாவில் உள்ள ஆயில் முழுவதும் ஒழுகும் என்பார்கள். பிரேக் மிதியைக் கொஞ்சம் அழுத்திய நிலையில் முட்டுக்கொடுத்து வைத்தால் மிதியோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் இறங்கும் துளை அடைபடும், ஒழுக்கு நின்றுவிடும். நான் சீட்டுக்கும் மிதிக்கும் இடையே அப்பாவின் கைத்தடியைக் கொடுத்தேன்; அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அடுத்தது, அந்த இளக்கும் எண்ணெய். பெட்ரோலிய எண்ணெய் பிரேக் ரப்பரை உப்பவைக்கும். ஆகவே நட்டைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. ஸ்பிரே பற்றித் தனியாக எழுத எதுவுமில்லை. வேலை செய்வது ஸ்பிரேயைவிட அதற்கு நாம் கொடுக்கும் இரவுகள்.

புது பைப் வாங்கப் போன இடத்தில் ஒரு கடைக்காரர் ஃபிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயை நீட்டி, “துருவே பிடிக்காது மேடம்” என்றார். துருப்பிடிக்காது, உண்மை. அதிர்ந்து அதிர்ந்து விறைத்து ஒரு நாள் வெடிக்கும், அதுவும் உண்மை. செம்போடு நிக்கல் கலந்த பைப் வேறு. அது பிரேக்குக்கென்றே செய்வது, துருவும் பிடிக்காது, வளைக்கவும் எளிது. இங்கே கிடைக்கவில்லை. காருக்கென்று முனை விரித்துத் தயாராக வரும் எஃகுப் பைப்பையே வாங்கி, கிளிப் மாட்டும் இடங்களில் கிரீஸ் தடவிப் போட்டேன். மரையில் டேப் சுற்றவில்லை. மாமா சுற்றச் சொன்னார்; ஆனால் கசிவைத் தடுப்பது மரை இல்லையே. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி, பைப்புக்குள் புகுந்த ஏர் எடுத்ததும் மிதி கல்லாக நின்றது.

ஸ்பானருக்கு ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். அந்தச் சந்தில் நுழையாத தடித்த தலைக்காகவும், என் காரில் வேலையே இல்லாத 12 மில்லிமீட்டர் பக்கத்துக்காகவும் ஒன்று குறைத்தேன். 180 ரூபாய் ஸ்பானர் இப்போது தோட்டத்துக் குழாய்க்குப் பயன்படுகிறது.

வாங்க நினைப்பவர்கள் பைப் துண்டும் ஒரு புது நட்டும் கையோடு கொண்டுபோங்கள். போன வாரம் பார்த்தபோது அண்ணாச்சி கடையின் கண்ணாடிப் பெட்டியில் இன்னும் இரண்டு கிடந்தன. ஒன்றின் வாயோரம் முலாம் உரிந்திருந்தது, மற்றதை எடுங்கள்.