ரோம் அப்டேட்: ஓடிஏவா, டர்ட்டி ஃப்ளாஷா, க்ளீன் ஃப்ளாஷா?

வீட்டில் இரண்டு பழைய போன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று என்னுடைய ஒன்பிளஸ் 6. இன்னொன்று, நான் வைத்திருந்து இப்போது அப்பா கைக்குப் போய்விட்ட போக்கோ எஃப்1. இரண்டும் 2018-இல் வந்தவை. இரண்டிலும் ஸ்னாப்டிராகன் 845 சிப்தான், இரண்டிலும் லீனியேஜ்ஓஎஸ்தான். கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக நாமே போட்டுக்கொள்ளும் ஆண்ட்ராய்டு அது; இந்த வகைக்குத்தான் கஸ்டம் ரோம் என்று பெயர். ஆனால் அப்டேட் என்று வந்தால் ஒன்றை டீ குடித்துக்கொண்டே முடித்துவிடுவேன். மற்றதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

போன மாதம் அக்கா பையன் முதல்முறையாகத் தன் போனில் கஸ்டம் ரோம் போட்டான். இரண்டாவது வாரமே போன் வந்தது. “மாமா, அப்டேட் வந்திருக்கு. குடுத்தா போட்டோ எல்லாம் போயிடுமா?” அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போனில் ஏ/பி ஸ்லாட் (சிஸ்டத்துக்கென இரண்டு தனி இடங்கள்) இருந்தால் ஓடிஏ. டர்ட்டி ஃப்ளாஷும் க்ளீன் ஃப்ளாஷும் வேறு வழி இல்லாதபோதுதான்.

மூன்று வழிகளும் என்னவென்று சுருக்கமாக. ஓடிஏ என்றால் செட்டிங்ஸில் சிஸ்டத்துக்குள் இருக்கும் அப்டேட்டரிலேயே இறக்கி, அங்கேயே இன்ஸ்டால் கொடுப்பது. டர்ட்டி ஃப்ளாஷ் என்றால் ரெக்கவரிக்கு (ஆண்ட்ராய்டுக்கு வெளியே, ரோமை ஏற்றவும் துடைக்கவும் இருக்கும் தனித் திரைக்கு) போய், டேட்டாவைத் தொடாமல், இருக்கிற ரோம் மேலேயே புதிய ரோமின் ஜிப் ஃபைலை ஏற்றுவது. க்ளீன் ஃப்ளாஷ் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. பூட்லோடரை (போன் ஆன் ஆனதும் சிஸ்டத்தை எழுப்பும் நிரலை) திறப்பது, கேபிள் நல்லதாக இருக்க வேண்டும், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் ரோம் போட்டவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதை விடுவோம்.

க்ளீன் ஃப்ளாஷை முதலில் முடித்துவிடலாம். ரோம் குழுக்களில் எதைக் கேட்டாலும் வரும் பதில் “க்ளீன் ஃப்ளாஷ் பண்ணுங்க ப்ரோ” என்பதுதான். சொல்பவருக்கு அது சுலபம். உங்கள் போனில் என்ன சிக்கல் என்று அவர் யோசிக்கத் தேவையில்லை. ஆனால் அதன் விலை நம் ஊரில் கொஞ்சம் அதிகம். போட்டோவை லேப்டாப்புக்கு மாற்றிவிடலாம். யூபிஐ ஆப்களை மறுபடி பதிய வேண்டும். பதிய அந்த சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் போக வேண்டும். அப்பா சிம்மில் இன்கமிங்குக்கு மட்டும் ரீசார்ஜ் செய்து வைத்திருந்ததால், எஸ்எம்எஸ் போகாமல் அரை மணி நேரம் இருவரும் போனை முறைத்துக்கொண்டிருந்தோம். பதிந்த பிறகும் பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். மாத முதல் வாரத்தில் இதைச் செய்து வீட்டு வாடகையோடு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூகுள் டிரைவ் பேக்கப் இல்லாமல் லோக்கல் பேக்கப்பை நம்புபவர்கள், இன்டர்னல் ஸ்டோரேஜில் ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் இருக்கும் வாட்ஸ்அப் ஃபோல்டரை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். துடைத்த பிறகு, வாட்ஸ்அப்பில் நம்பரைப் பதிவதற்கு முன்பே அதைப் பழைய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பதிந்துவிட்டு அப்புறம் வைத்தால் அது கண்டுகொள்ளாது. ஓடிபி தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள் அதை எக்ஸ்போர்ட் செய்யாமல் ரெக்கவரி பக்கமே போகக் கூடாது. லீனியேஜோடு வரும் சீட்வால்ட் ஒரு பென்டிரைவில் பேக்கப் எடுத்து, 12 சொற்கள் கொண்ட ஒரு மீட்புக் குறியீடு தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லா ஆப்பும் தன் டேட்டாவை அதற்குக் கொடுப்பதில்லை. எனக்கு எஸ்எம்எஸ், கால் லாக் திரும்ப வந்தன. ஆப்களில் பாதி வெறும் கூடாகத்தான் வந்தன.

க்ளீன் ஃப்ளாஷ் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு: ஒரு ரோமிலிருந்து வேறு ரோமுக்குப் போவது, அல்லது யாரோ ஒருவர் தானே உருவாக்கிய அன்அஃபிஷியல் பில்டிலிருந்து (பில்ட் என்றால் ரோமின் ஒரு வெளியீடு) அஃபிஷியலுக்கு வருவது. காரணம் டிஜிட்டல் கையெழுத்து. ஒவ்வொருவரும் தங்கள் பில்டைத் தங்கள் சாவியால் சைன் செய்கிறார்கள். பழைய சாவியில் பதிவான சிஸ்டம் ஆப்களின் டேட்டாவைப் புதிய சாவியோடு வந்த ரோம் ஏற்காது. போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 2016 கடைசியில் சயனோஜென்மோட் என்ற ரோம் மூடப்பட்டு லீனியேஜ் பிறந்தபோதும் இதே சிக்கல்தான். அப்போது டேட்டாவை அழிக்காமல் தாண்டுவதற்கென்றே, திரையில் வாட்டர்மார்க் போட்ட ஒரு தற்காலிக மைக்ரேஷன் பில்டை வெளியிட்டார்கள். அதைப் போட்டு ஒருமுறை பூட் செய்து, பிறகு அசல் பில்டைப் போட வேண்டும். அப்படி யாராவது பாலம் கட்டிக் கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் துடைக்கத்தான் வேண்டும்.

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் விஷயம். இந்த மூன்றில் எது வேகம், எது சுத்தம் என்பதை விட, தப்பாகிப்போனால் நேற்றிருந்த நிலைக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒன்பிளஸ் 6-இல் சிஸ்டம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது: ஏ ஸ்லாட், பி ஸ்லாட். 2016-இல் ஆண்ட்ராய்டு 7-ஓடு வந்த ஏற்பாடு இது. நான் ஏ-இல் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட்டர் புதிய பில்டை பி-இல் எழுதுகிறது. எழுதும் நேரத்தில் நான் யாருக்காவது மெசேஜ் அடித்துக்கொண்டிருப்பேன். போன் லேசாகச் சூடாகும், அவ்வளவுதான். முடிந்ததும் ரீபூட் கேட்கும். பி சரியாக எழுந்து நின்றால் அதுவே தொடரும். எழவில்லை என்றால் பூட்லோடர் சில முறை முயன்று பார்த்துவிட்டு, கைவிட்டு, ஏ-க்கே திரும்பிவிடும். ஏ-இல் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

எனக்கு இது ஒருமுறை நடந்திருக்கிறது. லோகோ வந்தது, அணைந்தது, மறுபடி லோகோ. நான் யூஎஸ்பி கேபிளைத் தேடி டிராயரைக் குடைந்துகொண்டிருந்தபோது, பின்னால் அலாரம் அடித்தது. திரும்பிப் பார்த்தால் பழைய பில்ட், பழைய வால்பேப்பர், நான் வைத்த ஏழரை மணி அலாரம். ஒன்றும் போகவில்லை. அடுத்த வாரத்து பில்டை ஏற்றியதும் சரியாகிவிட்டது.

ஆனால் சிஸ்டம்தான் இரண்டு, டேட்டா ஒன்றுதான். புதிய பில்ட் எழுந்து டேட்டாவில் எதையாவது மாற்றிவிட்டுப் படுத்துக்கொண்டால் பழைய பில்டுக்கு அது புரியாமல் போகலாம். அதற்காகத்தான் ஆண்ட்ராய்டு 10-இல் டேட்டா செக்பாயின்ட் என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: பூட் வெற்றி என்று உறுதியாகும்வரை டேட்டாவில் நடந்த மாற்றங்களைத் திரும்பப் பெறும் நிலையிலேயே வைத்திருக்கும். எல்லாப் போனிலும், எல்லா ரோமிலும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஏ/பி இருக்கிறது என்பதற்காக பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். ஒரே வெர்ஷனுக்குள் வாராவாரம் வரும் அப்டேட்டில் டேட்டா அமைப்பு பெரிதாக மாறுவதில்லை என்பதால்தான் நான் தைரியமாக டீ குடிக்கிறேன்.

போக்கோவில் ஸ்லாட் ஒன்றே ஒன்று. அதிலும் அப்டேட்டர் உண்டு, பட்டனும் அதேதான். ஆனால் அது ஜிப்பை இறக்கிவிட்டு, ரெக்கவரிக்கு ரீபூட் ஆகி, ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்தின் மேலேயே எழுதும். நடுவில் நின்றால் போக இடமில்லை. டேட்டா இருக்கும், அதைத் திறந்து காட்ட ஆள் இருக்காது. லேப்டாப்பில் இருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, பழைய பில்டின் ஜிப்பை வைத்திருக்கிறேனே, அதை மேலே ஏற்றிக்கொண்டால் போகிறது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். லீனியேஜ் ரெக்கவரி பழைய தேதி பில்டைப் புதியதன் மேல் ஏற்ற விடாது. தேதி இரண்டையும் காட்டி மறுத்துவிடும். வீம்புக்குச் செய்வதல்ல இது. டேட்டாவை என்கிரிப்ட் செய்யும் சாவிகள் ஆண்ட்ராய்டு வெர்ஷனோடும் செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) தேதியோடும் பிணைக்கப்பட்டவை. புதிய பேட்ச் வந்து சாவியைப் புதுப்பித்துவிட்டால், பழைய பேட்சிலிருந்து அந்தச் சாவி திறக்காது. போன் எழும், பின் நம்பர் கேட்கும், சரியான நம்பரையே போட்டாலும் உள்ளே விடாத நிலை வரலாம். ஆக ஒற்றை ஸ்லாட் போனில் அப்டேட் என்பது ஒருவழிப் பாதை. முன்னே போகலாம், நிற்கலாம். பின்னே வர துடைக்க வேண்டும்.

டர்ட்டி ஃப்ளாஷுக்குப் பெயர்தான் கெட்டுக் கிடக்கிறது. அஃபிஷியல் லீனியேஜில் 21-இலிருந்து 22-க்கு, அதாவது ஆண்ட்ராய்டு 14-இலிருந்து 15-க்குப் போக, அப்டேட்டர் வழி காட்டாது. அவர்களே சொல்லும் முறை ரெக்கவரியில் சைடுலோட் செய்வதுதான் (லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே ஏற்றுவது), டேட்டாவைத் துடைக்காமல். அது டர்ட்டி ஃப்ளாஷ்தானே? ஒன்பிளஸில் அப்படித்தான் 22-க்கு வந்தேன், ஒரு ஆப்பும் போகவில்லை.

முதல்முறை செய்பவர்கள் பயப்படும் இடங்கள் இரண்டு. லேப்டாப்பில் எண்ணிக்கை 47 சதவீதத்தில் நின்றுவிடும். பலமுறை அங்கேயேதான் நிற்கும். போன் திரையில் வேலை முடிந்ததாக வந்துவிட்டால் போதும், 47-ஐப் பார்த்துக் கேபிளைப் பிடுங்காதீர்கள். அடுத்தது, லீனியேஜோடு வராத கூகுள் ஆப்ஸ் (பிளே ஸ்டோர் போன்றவை) ஜிப்பை ஏற்றும்போது சிக்னேச்சர் சரியில்லை, இருந்தாலும் போடவா என்று கேட்கும். அது லீனியேஜின் சாவியால் சைன் ஆகாதது என்பதால் கேட்கிறது. ஆம் என்று கொடுக்கலாம். ஆனால் லீனியேஜ் ஜிப்புக்கே அந்தக் கேள்வி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஜிப் கெட்டிருக்கலாம், அல்லது அது அஃபிஷியலே இல்லாமல் இருக்கலாம். இறக்கியதும் ஷா-256 எண்ணை (ஃபைல் கெடாமல் வந்ததா என்று காட்டுவது) சரிபார்த்தால் அந்த இடம் வரை போகவே வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். போக்கோவில் ஆண்ட்ராய்டு 11-இலிருந்து 12-க்குப் போனபோது ரோமை ஏற்றினேன், முடிந்தது என்று வந்தது, சந்தோஷத்தில் நேராகச் சிஸ்டத்துக்கு ரீபூட் கொடுத்துவிட்டேன். 12-க்கான கூகுள் ஆப்ஸை ஏற்ற மறந்துபோனேன். வாராந்திர அப்டேட்டில் ரோமே பழைய கூகுள் ஆப்ஸை எடுத்து வைத்துத் திரும்பப் போட்டுவிடும். பெரிய வெர்ஷன் மாறும்போது புதிய ஆண்ட்ராய்டுக்கு உரியதை நாமே, முதல் பூட்டுக்கு முன்பே ஏற்ற வேண்டும். பிறகு ஏற்றிப் பார்த்தேன். “கூகுள் பிளே சர்வீசஸ் நின்றுவிட்டது” என்று நொடிக்கொருமுறை பெட்டி வந்தது. மூடினால் அடுத்தது. கடைசியில் ஃபார்மட் கொடுத்தேன். டிடபிள்யூஆர்பி என்ற வேறொரு ரெக்கவரியில் எடுத்த முழு பேக்கப் இருக்கிறதே என்ற தெம்பு. அந்த பேக்கப்பை வைத்திருந்தது இன்டர்னல் ஸ்டோரேஜில். ஃபார்மட் ஆனது அதே இன்டர்னல் ஸ்டோரேஜ். இத்தனைக்கும் அந்த போனில் மெமரி கார்டு போடும் இடம் உண்டு. இரண்டாவது சிம்முக்காக அதைக் காலி செய்து வைத்திருந்தேன்.

டிடபிள்யூஆர்பி பேக்கப்பை நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியே பூட்டும் என்கிரிப்ஷன் வந்த பிறகு, புதிய ஆண்ட்ராய்டில் பல போன்களின் டேட்டாவை அதனால் திறக்கவே முடிவதில்லை. திறந்தாலும் போட்டோ, வீடியோ இருக்கும் பகுதியை அது பேக்கப்பில் சேர்ப்பதில்லை. அதற்குத் தனியாக காப்பி எடுக்கத்தான் வேண்டும்.

ஏ/பி போன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முதல்முறை ரோம் போடும்போது இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்கிய போனில் பி ஸ்லாட் பாதி காலியாகவோ பழையதாகவோ இருக்கலாம். ஒன்பிளஸ் போன்களுக்கு லீனியேஜ் வழிகாட்டியிலேயே பார்ட்டிஷனை நகலெடுக்கும் ஒரு சின்ன ஜிப் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. அதை விட்டவர்களுக்கு முதல் ஓடிஏவிலேயே போன் எழாமல் போக வாய்ப்பு உண்டு.

நான் பார்த்தது இந்த இரண்டு போன்களைத்தான். சாம்சங் பக்கம் நான் போனதில்லை. அங்கே முறையே வேறு. ஆண்ட்ராய்டு 11-க்குப் பின் வந்த பல போன்களில் இருப்பது விர்ச்சுவல் ஏ/பி. இரண்டாவது ஸ்லாட்டை முழுதாக வைக்காமல், மாற்றங்களை மட்டும் தனியே எழுதி, பூட் ஆன பிறகு பின்னணியில் ஒன்றாக்குவார்கள். அக்கா பையன் போன் அந்த வகை. ஓடிஏ முடிந்த கையோடு ரெக்கவரிக்குப் போய் எதையும் ஏற்றாதே, அந்த ஒன்றாக்கும் வேலை முடியட்டும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அவனுக்கு நான் சொன்ன வரிசை இது: போட்டோவும் வாட்ஸ்அப் ஃபோல்டரும் லேப்டாப்புக்கு, ஆத்தென்டிகேட்டர் எக்ஸ்போர்ட், பிறகு அப்டேட்டரில் இன்ஸ்டால். இருபது நிமிடம் கழித்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பில்ட் தேதி மாறியிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. அப்பாவின் போக்கோவில் மெமரி கார்டைப் போட்டுவிட்டேன். இரண்டாவது சிம்மை எங்கே வைத்தேன் என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.