கம்பெனி இன்ட்ராநெட்டை மாற்றிக் கட்டினோம்: சில வருடம் புழங்கிய பிறகு எழுதுவது

திறந்த வாரத்தில் எந்த இன்ட்ராநெட்டும், அதாவது கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கும் உள் இணையதளம், நன்றாகத்தான் இருக்கும். முகப்பில் படம் பளிச்சென்று இருக்கும், எம்.டி. பேசிய வீடியோ ஓடும், எல்லாரும் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அதனால் அப்போது எதுவும் எழுதவில்லை. இப்போது சில வருடம் ஓடிவிட்டது, எது நின்றது எது படுத்தது என்று தெளிவாகத் தெரிகிறது. நான் மண்டபம் பக்கம் ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனியில் தர ஆவணங்களைப் பார்க்கிறவன், கம்ப்யூட்டர் ஆள் கிடையாது. ராமநாதபுரத்தில் ஆபீஸ், மண்டபத்தில் பிளாண்ட், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி, ஏர்வாடியில் மீன் எடுக்கிற ஷெட்டுகள் என்று கரை நெடுகச் சிதறிக் கிடக்கும் கம்பெனி. இதே மாதிரி வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர் சொல்லி ஒரு ஆளைப் போடுங்கள், அதை முடித்துவிட்டு டிசைன் பேசுங்கள்.

பழைய தளம் துறைவாரியாக இருந்தது. அக்கவுண்ட்ஸுக்கு ஒரு கதவு, பர்ச்சேஸுக்கு ஒரு கதவு, உள்ளே போனால் பிடிஎஃப் குவியல். எது கடைசிப் பதிப்பு என்று யாருக்கும் தெரியாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் வந்து நின்றுகொண்டு நகராமல் மழையாகக் கொட்டியதே, அந்த நாட்களில் ஷெட் திறக்கிறதா, வண்டி பாலம் தாண்டி வரலாமா என்று ஆளாளுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் முகப்பில் தீபாவளி வாழ்த்து கிடந்தது. அதை மாற்றும் அதிகாரம் இருந்த ஒரே ஆள் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அப்போதே மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தது, வேலை தொடங்கவில்லை. 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திய பிறகுதான் நிர்வாகம் அசைந்தது, ஏனென்றால் பழைய தளத்தின் பாதிப் படிவங்கள் அதில் மட்டும்தான் திறக்கும்.

திட்டமிடலில் நாங்கள் நன்றாகச் செய்த வேலை, டிசைன் பேச்சுக்கு முன்னாடி ஷெட்டில் போய் நின்றது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிப் போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். அந்தக் காலை நேரத்தில் ஷெட் சூபர்வைசர் எப்படி வேலை செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தால் ஆபீஸில் வரைந்த பாதிப் படங்களைக் கிழித்துப் போட்டுவிடலாம். போன் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். கை ஈரமாக இருக்கும், விரலில் செதில் ஒட்டியிருக்கும், கைரேகை எடுக்காது. ஒரு கையில் எடை எழுதும் நோட்டு. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அவருக்கு வேண்டியது மூன்று விஷயம்: இன்றைய விலை, கணவாய்க்கும் நண்டுக்கும் எந்த சைஸ் என்ன கிரேடு, எந்த வண்டி எத்தனை மணிக்கு. முகப்பில் சுழலும் படங்கள் அவருக்குத் தடைதான். அதனால் ஷெட் ஆட்களுக்கு வேறு முகப்பு வைத்தோம், படமே இல்லை, பெரிய எழுத்து, பெரிய பட்டன், ஒருமுறை உள்ளே போனால் அந்தப் போனில் பல நாள் லாகின் கேட்காது. பாதுகாப்பு பற்றி ஐ.டி. பக்கம் நியாயமான கவலை இருந்தது, அதற்காகச் சம்பளம் மாதிரி சொந்த விவரங்களுக்கு மட்டும் மறுபடி பின் நம்பர் கேட்கும்படி பிரித்தார்கள். இந்த ஒரு முடிவுதான் அவர்களைத் தினமும் உள்ளே வர வைத்தது.

மெனுவை எப்படிப் பிரிப்பது என்பதற்குப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஒவ்வொரு வேலையாக எழுதி, ‘இதையெல்லாம் உங்களுக்குத் தோன்றுகிற மாதிரி அடுக்குங்கள்’ என்று கொடுத்தோம். ஆபீஸ் ஆட்கள் துறை துறையாக அடுக்கினார்கள். ஷெட் ஆட்களும் பிளாண்ட் ஆட்களும் நேரத்தை வைத்து அடுக்கினார்கள்: படகு வருவதற்கு முன்னாடி, ஏற்றும்போது, வண்டி போன பிறகு. நான் எதிர்பார்க்கவே இல்லை. கூட்டத்தில் சண்டை வந்தது, கடைசியில் நேரம்தான் ஜெயித்தது, துறைப் பட்டியலைத் தளத்தின் அடியில் தள்ளினோம். ஒரு தளம் புழங்கச் சுலபமா என்று சோதிக்க ஐந்து பேர் போதும் என்று அந்தத் துறை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியதை எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆள், பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் ரொம்ப வேறுபட்டால் ஒவ்வொரு வகை ஆட்களிலும் தனியாகச் சில பேரை வைத்துப் பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஆபீஸில் ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு முடித்திருந்தால் தொண்டி ஷெட்டில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஃபான்ட் பிரச்சினை. தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து வருடப் பழைய கோப்புகள் வைத்திருக்கும் எந்தக் கம்பெனிக்கும் இது உண்டு, எந்தத் திட்டத் தாளிலும் இது இருக்காது. எங்கள் பழைய தமிழ்ச் சுற்றறிக்கைகள் பாமினியிலும் வானவில்லிலும் அடித்தவை. அந்த ஃபான்ட் இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடினால் கிடைக்கவே கிடைக்காது. எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்குத் தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது, கம்பெனிகள் பல இன்னும் போகவில்லை. மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, நன்றாகவே மாற்றும், ஆனால் கொம்பும் காலும் வரும் எழுத்துகளிலும் கிரந்த எழுத்துகளிலும் பிசகும், ஆங்கிலம் கலந்த வரியில் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். ஒரு சுத்தம் செய்யும் விதிமுறையில் குளோரின் அளவுக்குப் பக்கத்தில் இருந்த அலகு அப்படித்தான் காணாமல் போனது, படித்துப் பார்த்தபோது பிடித்தோம். மனிதக் கண் கட்டாயம் வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம், அது வெறும் படம், தேடலுக்குள் வராது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று முடிவெடுத்தோம். யாராவது ஒருவர் ‘இது என் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்ட கோப்பு மட்டும் புதுத் தளத்துக்கு வரும், மற்றது ஒரு பழைய கிடங்கில் இருக்கும். மலை மாதிரி இருந்தது சின்னக் குவியலாகிவிட்டது.

அந்தக் கையெழுத்துதான் இன்று வரை தளத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் பொறுப்பாளர் பெயர், அவர் இல்லாவிட்டால் யார், அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் என்ற தேதி. தேதி தாண்டினால் பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டை வந்துவிடும், எல்லார் கண்ணுக்கும் தெரியும். தர ஆவணங்களில் இது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. பிளாண்ட் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் சுவரில் அச்சடித்த தாள் இருந்தே தீரும், ஆடிட்டர் வந்தால் அந்தத் தாளையும் கம்ப்யூட்டரில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இப்போது தளத்திலிருந்து அச்சடித்தால் தாளின் கீழேயே ‘இந்தத் தேதி வரை மட்டும்’ என்று வந்துவிடும். ஷிஃப்ட் மாறும்போது சூபர்வைசர் தேதியைப் பார்க்கிறார், தாண்டியிருந்தால் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டுகிறார். உடை மாற்றும் அறைக்கு வெளியே, போனில் அந்தப் பக்கத்தைத் திறக்க க்யூஆர் ஒட்டினோம், தண்ணீர் பட்டு ஸ்டிக்கர் உரிந்துவிட்டது, இப்போது ஸ்டீல் தகட்டில் பொறித்து வைத்திருக்கிறோம்.

பொறுப்பாளர் இல்லாத பகுதிகள் என்ன ஆயின? செய்திகள் பகுதி, படத் தொகுப்பு, ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’, எல்லாம் வெவ்வேறு வேகத்தில் காய்ந்துபோயின. அதைத்தான் தொடக்க விழாவில் அதிகம் காட்டினார்கள். இன்று கேட்டால் அந்தப் பக்கங்களை எடுத்துவிடலாம் என்பேன், பழைய செய்தி முகப்பில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் புதிய விலையையும் ஆட்கள் சந்தேகப்படுகிறார்கள்.

லாகின் விஷயத்தில் ஒரு அநியாயம் முதல் திட்டத்திலேயே இருந்தது. கம்பெனி மெயில் இருப்பவர்தான் உள்ளே போக முடியும் என்று கன்சல்டண்ட் கம்பெனி எழுதிக் கொண்டுவந்தது. எங்களிடம் நண்டுச் சதை எடுக்கும் பெண்களுக்கு மெயிலே கிடையாது, ஆட்களில் அவர்கள்தான் அதிகம். ஊழியர் எண்ணும் போன் எண்ணும் போதும் என்று மாற்றச் சண்டை போட்டோம். மைக்ரோசாஃப்டில் எஃப்1, எஃப்3 என்று களப்பணியாளர்களுக்கான உரிமங்கள் இருக்கின்றன, ஆபீஸ் உரிமத்தை விட விலை குறைவு, இதைத் திட்டம் போடும்போதே கணக்கில் எழுதிவிடுங்கள், பின்னால் கேட்டால் பணம் இல்லை என்பார்கள். ஓய்வறையில் ஒரு டேப்லெட் வைத்தோம், பயன்படுத்திவிட்டு நகர்ந்தால் உடனே லாகினை விட்டு வெளியே வந்துவிடும். அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என்னை நிறுத்திச் சொன்னார்: “தம்பி, ஓவர்டைம் ஏறியிருக்கான்னு இப்ப நானே பாத்துக்கிறேன். முன்னெல்லாம் ஆபீஸ் வாசல்ல நின்னு கேட்கணும், கேட்டா மூஞ்சியச் சுளிப்பாங்க.” இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

திறப்பு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், பிளாண்டில் பராமரிப்பு வேலை ஓடும். அந்த இடைவெளியில்தான் புதுத் தளத்தைத் திறந்து, ஷெட் ஷெட்டாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தோம். நிதியாண்டுத் தொடக்கத்தில் திறக்க வேண்டும் என்று மேலிடத்தில் ஆசைப்பட்டார்கள், அது படகு ஓடும் நேரம், யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். உங்கள் தொழிலில் எது ஓய்ந்த காலமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முகப்பில் புயல் அறிவிப்பு காட்டும் பட்டையை மட்டும், எந்த நேரமானாலும், வேலையில் இருக்கும் எந்தப் பொறுப்பாளரும் போடலாம் என்று ஆக்கினோம். அதாவது பிளாண்ட் இரவு ஷிஃப்ட் பொறுப்பாளருக்கும் அந்த அதிகாரம் உண்டு. பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், எந்த ஷெட் மூடல், வண்டி எதுவரை வரும், மூன்று வரி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தவறாகப் போட்டுவிடுவார்களே என்று பயந்தார்கள், இதுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை.

வாட்ஸ்அப்போடு மோதவே வேண்டாம். விலைப் பேச்சும் சண்டையும் அங்கேதான் நடக்கும், நடக்கட்டும். ஆவணத்தை அங்கே போடாதே, தளத்தின் இணைப்பைப் போடு என்ற ஒரே விதி வைத்தோம், பெரும்பாலும் நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஆள் வேலையை விட்டுப் போகும்போது அவர் பெயரில் இருந்த பக்கங்கள் அநாதையாகிவிடுகின்றன, துணைப் பொறுப்பாளரும் போய்விட்டால் மஞ்சள் பட்டை மாதக்கணக்கில் கிடக்கிறது. வேலையை விடுகிறவர் கையெழுத்து வாங்கும் படிவத்தில் ‘பக்கங்களை யாரிடம் ஒப்படைத்தீர்கள்’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சேர்த்தபாடில்லை. தேடலும் பாதிக் கிணறுதான். எங்கள் ஆட்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள், ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு மாதிரி. கிடைக்காமல் போன தேடல்களை மாதம் ஒருமுறை எடுத்துப் படித்து, அந்தச் சொற்களைப் பக்கங்களில் சேர்க்கிறோம். அலுப்பான வேலை, ஆனால் எதைத் தேடி ஏமாந்தார்கள் என்று அதில்தான் தெரிகிறது. இப்போது ஒரு கம்பெனி வந்து ஏஐ உதவியாளர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது. மஞ்சள் பட்டை விழுந்த பக்கத்தைப் படித்துவிட்டு அது நண்டு கிரேடை மாற்றிச் சொன்னால் யார் பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. வரும் தடைக்காலத்தில் பொறுப்பாளர் இல்லாத பக்கங்களை எண்ணி முடித்துவிட்டு அவர்களைக் கூப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன், நிர்வாகமும் சரி என்றிருக்கிறது.