ஒரே வாடகைதாரர், ட்ரிப்பிள் நெட், ஒரு கிடங்கு: பத்து வருடம் கையில் வைத்திருந்தால் தெரிபவை

நெட் லீஸில் இருக்கும் தொழிற்கூடத்தை விற்க வருபவர்கள் தவறாமல் சொல்வது இதுதான்: "மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும், நீங்கள் எதையும் தொட வேண்டாம்." முதல் மூன்று நான்கு வருடத்துக்கு அது கிட்டத்தட்ட உண்மை. சொத்துவரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைதாரர் பொறுப்பு. உரிமையாளர் கைக்கு வருவது நிகர வாடகை. ஆனால் விலை கொடுத்து வாங்கியது கட்டடத்தையா, வாடகைதாரர் எழுதிக்கொடுத்த வாக்கையா என்று பார்த்தால், பெரும்பங்கு வாக்குதான். அந்த வாக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு வருடம் குறைகிறது. கூடவே கட்டடமும் தேய்கிறது. இரண்டும் ஒரே நாளில் தீர்ந்துபோனால் என்ன மிஞ்சும் என்று வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டவர்களுக்கு இது நல்ல முதலீடு. மற்றவர்களுக்கு எட்டாவது வருடத்தில்தான் தெரியவரும்.

ஒப்பந்தத்தின் பெயரை நம்ப வேண்டாம். வரி மட்டும் வாடகைதாரருடையது என்றால் சிங்கிள் நெட், காப்பீடும் சேர்ந்தால் டபுள் நெட், பராமரிப்பும் சேர்ந்தால் ட்ரிப்பிள் நெட் என்பது பாடப்புத்தக விளக்கம். நடைமுறையில் அட்டையில் ட்ரிப்பிள் நெட் என்று போட்டுவிட்டு, உள்ளே கூரையையும் தாங்கு கட்டமைப்பையும் உரிமையாளர் தலையில் வைக்கும் ஒப்பந்தங்கள் ஏராளம். கூரை, சுவர், அஸ்திவாரம் வரை எல்லாம் வாடகைதாரர் பார்த்துக்கொள்வதை அப்சல்யூட் நெட் என்பார்கள். பிரிட்டனில் இதற்கு நெருக்கமானது, முழுப் பழுதும் காப்பீட்டுச் செலவும் வாடகைதாரருடையது என்று எழுதப்படும் எஃப்ஆர்ஐ குத்தகை.

தேட வேண்டிய சொல் ஒன்றுதான்: "மாற்றித் தருதல்". "பழுதுபார்த்துப் பராமரிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால், ஏசி யூனிட் அடியோடு செத்துப்போகும் நாளில் வாடகைதாரரின் வக்கீல் "இது பழுது இல்லை, புதிது வாங்குவது" என்பார். அதனால் கையெழுத்துக்கு முன் ஒரு அட்டவணை போட்டுக்கொள்வது நல்லது. கூரைத் தாள், கூரையின் எஃகு, வெளிச்சுவர், தரை ஸ்லாப், தீயை அணைக்கத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளரின் பிரதான குழாய், மண்ணுக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய், லாரி முற்றம், ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பழுதுபார்ப்பது, யார் மாற்றுவது, யார் பணம், எத்தனை வருடத்தில் பிரித்து வசூல் என்று நான்கு பத்திகள். கடைசிப் பத்தி முக்கியம். 20 வருடம் உழைக்கும் கூரையை 15 லட்சத்துக்கு மாற்றுகிறீர்கள், குத்தகையில் 4 வருடம்தான் பாக்கி என்றால், ஆயுளால் பிரித்துக் கட்டும் ஷரத்தின்படி வாடகைதாரர் தருவது 3 லட்சம். மீதி 12 லட்சம் உங்களுடையது. இதையும் ட்ரிப்பிள் நெட் என்றுதான் விற்கிறார்கள்.

விலையில் ஒளிந்திருப்பது

கேப் ரேட் என்பது ஒரு வருட நிகர வருமானத்தை விலையால் வகுத்தால் வரும் சதவீதம். சந்தை வாடகையைத் தனியாகப் பார்க்காமல் அதை மட்டும் பார்ப்பது ஆபத்து. நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். 50,000 சதுர அடி கிடங்கு. அந்தப் பகுதியில் சதுர அடிக்கு வருட வாடகை 6. இந்த ஒப்பந்தத்தில் 8. வருமானம் 4 லட்சம், 7 சதவீத கேப் ரேட்டில் விலை சுமார் 57 லட்சம். சந்தை வாடகையில் அதே கட்டடம் 3 லட்சம்தான் ஈட்டும். அதே சதவீதத்தில் விலை சுமார் 43 லட்சம். இடையில் உள்ள 14 லட்சத்துக்குச் செங்கலும் இல்லை, மண்ணும் இல்லை. முழுக்க வாடகைதாரரின் வாக்கு. சொந்தக் கட்டடத்தை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு உட்காரும் சேல்-லீஸ்பேக் பேரங்களில் இது அதிகம். வாடகையை ஏற்றி எழுதினால் விற்பனை விலையும் ஏறும் என்பதால், விற்பவரே வாடகையை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார்.

அடுத்தது வாக்குக் கொடுத்தது யார் என்பது. வாசலில் பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது சொத்தே இல்லாத ஒரு துணை நிறுவனமாக இருக்கும். தாய் நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் தனியாக இருக்கிறதா, குத்தகை கைமாறினாலும் அது நீடிக்குமா, புதுப்பிப்புக் காலத்துக்கும் செல்லுமா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். வருடாந்திர நிதிநிலை அறிக்கை தரும் கடமையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

வாடகை உயர்வு வருடம் 2 சதவீதம் என்றால் பத்தாவது வருட வாடகை முதல் வருடத்தைப் போல 1.195 மடங்கு. விலைவாசி வருடம் 4 சதவீதம் ஏறியிருந்தால் அதே காலத்தில் அது 1.42 மடங்கு. அதாவது கைக்கு வரும் தொகை கூடியிருக்கும், வாங்கும் சக்தி 16 சதவீதம் குறைந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீத உயர்வு என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். வருடத்துக்குப் பிரித்தால் 1.92 சதவீதம்தான்.

இனி கட்டடம்

கட்டடத்தை நேரில் பார்க்கப் போகும் பலர் உள்ளே ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏற வேண்டியது கூரைக்கு. ஏசி யூனிட்டோ எக்சாஸ்ட் ஃபேனோ உட்கார்ந்திருக்கும் சட்டத்தைச் சுற்றிக் குனிந்து பாருங்கள். கூரையை மூடியிருக்கும் வெள்ளை டிபிஓ பிளாஸ்டிக் தாளின் மேல் கறுப்பாக மஸ்டிக் என்ற அடைப்புப் பசை பூசியிருந்தால், வாடகைதாரர் புதிதாக மெஷின் வைத்தபோது எலக்ட்ரீஷியன் யாரோ துளை போட்டு, கையில் இருந்ததை அப்பிவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். டிபிஓ தாளைச் சூடான காற்றால் உருக்கித்தான் இணைக்க வேண்டும். மஸ்டிக் சீக்கிரமே உரிந்துவரும். அதைவிட மோசம், அங்கீகரிக்கப்படாத ஆள் கைவைத்தால் தயாரிப்பாளரின் கூரை வாரண்டி செல்லாமல் போகலாம். சொத்து கைமாறும்போது வாரண்டியைப் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற, குறித்த நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து, ஆய்வுக்கட்டணம் கட்ட வேண்டிய வாரண்டிகளும் உண்டு. பத்திரப்பதிவு மும்முரத்தில் இது மறந்துபோகும்.

ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் துளை இருக்கும் என்று நினைக்கக் கூடாது. தாளுக்கடியில் உள்ள இன்சுலேஷன் பலகையில் நீர் பக்கவாட்டில் ஓடி, பத்தடி தள்ளியும் சொட்டும். நடக்கும்போது காலடியில் பஞ்சுபோல அமுங்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, வெயில் அடித்த நாளின் மாலையில் அகச்சிவப்பு கேமராவால் படம் எடுத்தால், ஈரமான பலகை சூட்டை விடாமல் வைத்திருப்பது தனியாகத் தெரியும். மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் கூரையில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடிகால் அடைப்போ சரிவுக் கோளாறோ இருக்கிறது.

கீழே, லாரி நிற்கும் டாக். தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வாசல், அதில் லாரிக்கும் தரைக்கும் இடையே பாலம்போல ஏறி இறங்கும் தகடான லெவலர். சுவரில் பதித்த ரப்பர் பம்பர் தேய்ந்து போயிருந்தால் ஒவ்வொரு லாரியும் பின்னால் வரும்போது கான்கிரீட் விளிம்பிலேயே மோதுகிறது. லெவலருக்குப் பதில் தனியாக ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தால், ஸ்பிரிங் உடைந்து மாதங்கள் ஆகின்றன. பராமரிப்பு ஷரத்தை வாடகைதாரர் எப்படி மதிக்கிறார் என்பதற்கு அந்தத் தகடே போதும். முற்றத்தில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும் இடத்தில் கான்கிரீட் பட்டை இல்லாமல் வெறும் தார் என்றால், வெயிலில் இளகி டிரெய்லரின் முன்கால்கள் புதைந்து குழி விழும்.

தரை ஸ்லாப்பின் இணைப்புகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபோர்க்லிஃப்டின் சிறிய கெட்டியான சக்கரம் ஒவ்வொரு முறை இணைப்பைத் தாண்டும்போதும் விளிம்பைச் சிறிது உடைக்கிறது. எபாக்சி அல்லது பாலியூரியா நிரப்பியைக் காலத்தில் போட்டால் அதோடு முடிந்தது. விட்டுவிட்டால் இருபுறமும் வெட்டியெடுத்து மறுபடி வார்க்க வேண்டிவரும். செலவு பல மடங்கு.

ஸ்பிரிங்க்ளர் விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. அந்த அமைப்பு குறிப்பிட்ட சரக்குக்கும் குறிப்பிட்ட அடுக்கு உயரத்துக்கும் வடிவமைக்கப்பட்டது. இரும்பு உதிரிபாகம் வைத்திருந்தவர் நடுவில் பிளாஸ்டிக் நுரைக்கோ லித்தியம் பேட்டரிக்கோ மாறினால், அதே குழாய், அதே தண்ணீர், ஆனால் தீயை அடக்கப் போதாது. காப்பீட்டாளர் இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தீ விபத்துக்குப் பிறகு. சரக்கு வகை மாறினால் எழுத்தில் முன் அனுமதி என்ற ஷரத்து இருக்கட்டும். ஸ்பிரிங்க்ளர் சோதனைக்கான அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 25 பின்பற்றப்படும் இடங்களில், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குழாயின் உட்புறத்தைச் சோதித்த அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு கேள்வி: இந்த வாடகைதாரர் போனால் வேறு யாருக்கு இது பயன்படும்? உள்ளே தடையில்லாத உயரம் 20, 24 அடி உள்ள பழைய கிடங்கோடு, 36 அடி உள்ள புதியது போட்டிபோடுகிறது. லாரி திரும்ப முற்றத்தில் 120 அடியாவது ஆழம் இல்லையென்றால் நீளமான டிரெய்லர் வைத்திருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பரப்பில் கால்வாசி அலுவலகமாக இருந்தாலும் கஷ்டம். கிடங்கு தேடுபவருக்கு 5 முதல் 10 சதவீதம் அலுவலகம் போதும். ஒருவருக்காகவே தோண்டிய மெஷின் குழியும் குளிர்பதன அறையும் அவர் இருக்கும்வரை சொத்து, போனபின் இடிப்புச் செலவு.

மண்ணையும் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு செர்க்ளா சட்டப்படி, மாசுபடுத்தியது முந்தையவராக இருந்தாலும் சுத்தம் செய்யும் பொறுப்பு இன்றைய உரிமையாளர் மேலும் வரும். வாங்குவதற்கு முன் முறையாக விசாரித்திருந்தால்தான் தற்காப்பு. மற்ற இடங்களிலும், வாங்கும் அன்று மண் எப்படி இருந்தது என்ற அடிப்படை அறிக்கை கையில் இல்லையென்றால், பத்து வருடம் கழித்துக் கசிவு யாருடையது என்று நிரூபிக்க வழியில்லை. தரை வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது.

வருடா வருடம்

"எதையும் தொட வேண்டாம்" என்பதை நம்பி உட்கார்ந்தவர்களுக்கு நடப்பது: வாடகைதாரர் காப்பீட்டைப் புதுப்பிக்க மறந்திருப்பார், அல்லது கட்டடத்தை இன்றைய கட்டுமானச் செலவுக்கு இல்லாமல் பழைய மதிப்புக்கே காப்பீடு செய்திருப்பார். சான்றிதழ் காலாவதியாகும் தேதிக்கு 30 நாள் முன்பே நினைவூட்டு வைத்து, உரிமையாளர் பெயரும் கடன் கொடுத்தவர் பெயரும் அதில் இருக்கிறதா, வாடகை இழப்புக்கு 12 மாதக் காப்பு இருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. சொத்துவரி ரசீதை வாடகைதாரரின் வாய்வார்த்தையில் விடாமல், வரித்துறைக் கணக்கிலேயே பாருங்கள். வரி நிலுவை சொத்தின் மேல்தான் ஏறும், வாடகைதாரர் மேல் அல்ல. வருடம் ஒருமுறை கூரை, டாக், முற்றம் மூன்றையும் ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். கடைசியில் ஒப்படைக்கும்போது வரும் வாக்குவாதத்தில் அந்தப் படங்கள்தான் பேசும்.

கடனில் கவனிக்க வேண்டியது தேதி. கடன் முதிரும் நாள் குத்தகை முடிந்த பின் வந்தால், காலியான கட்டடத்தைக் காட்டி மறுகடன் கேட்க வேண்டிவரும். குத்தகை முடிய ஒரு வருடம் இருக்கும்போது புதுப்பிப்பு இல்லையென்றால் வாடகை முழுவதையும் கடன் கொடுத்தவரே பிடித்துவைக்கும் ஷரத்தும் சில கடன்களில் இருக்கும்.

பத்து வருடக் குத்தகையில் எட்டு வருடம் முடியும்போது மேலே சொன்ன 4 லட்ச வாடகை, 2 சதவீத உயர்வில் சுமார் 4.69 லட்சம் ஆகியிருக்கும். ஆனால் இரண்டே வருடம் பாக்கி உள்ள குத்தகைக்கு 7 சதவீதத்தில் வாங்க ஆள் வராது. 9 சதவீதம் கேட்டால் விலை 52 லட்சம். வாடகை 17 சதவீதம் ஏறியும், 57 லட்சத்துக்கு வாங்கியது 52க்கு இறங்கியிருக்கும். விற்பதாக இருந்தால் ஐந்தாறு வருடம் பாக்கி இருக்கும்போதே விற்பது, இல்லையென்றால் முடிய 24 மாதம் இருக்கும்போதே புதுப்பிப்புப் பேச்சை ஆரம்பிப்பது. அதற்குப் பிறகு பேரத்தில் கை ஓங்கியிருப்பது வாடகைதாரருக்குத்தான்.

அவர் போய்விட்டால் "நெட்" என்ற சொல்லும் கூடவே போய்விடும். வரி, காப்பீடு, காவல், மின்சாரம், ஸ்பிரிங்க்ளர் பராமரிப்பு எல்லாம் அன்றே உங்கள் கணக்கில். காலிக் கட்டடத்துக்குக் காப்பீடும் சுருங்கும்: அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் பாலிசிப் படிவத்தில், தொடர்ந்து 60 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் திருட்டு, நாசவேலை, தண்ணீர்ச் சேதம் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது, மற்றவற்றுக்கு 15 சதவீதம் குறைத்துத்தான் தருவார்கள். புது வாடகைதாரர் வரும்வரை ஒரு வருடம் காலியாகக் கிடக்கும், தரகும் சீரமைப்பும் இலவச மாதங்களும் சேர்ந்து இன்னொரு வருட வாடகையை விழுங்கும் என்று இருப்புத் தொகை ஒதுக்கிவைப்பது எங்கள் கணிப்பில் மிகை அல்ல.

ஒப்படைக்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே ஒரு பொறியாளரோடு சுற்றிவந்து குறை பட்டியலை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சரக்கு அடுக்கும் ரேக்கைக் கழற்றும்போது அதைத் தரையில் பிடித்திருக்கும் போல்ட்டைத் தரைமட்டத்துக்கு வெட்டி, துளையை எபாக்சியால் அடைத்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் அந்தப் பட்டியல் சுருங்கும். எழுதாவிட்டால் நூற்றுக்கணக்கான போல்ட் முனைகள் தரையில் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் எந்த ஃபோர்க்லிஃப்டும் ஓடாது.