ஈயு வெர்சஸ் டிஸ்இன்ஃபோ: கிரெம்ளின் பொய்களுக்கு ஒரு பேரேடு

2022 மார்ச்சில் ஒரு செய்தி உலகம் சுற்றியது. உக்ரைனில் அமெரிக்கா ரகசியமாக உயிரி ஆயுதக் கூடங்கள் நடத்துகிறதாம். ரஷ்யாவே ஐ.நா. பாதுகாப்பு சபையைக் கூட்டச் சொன்னது. அப்படி எந்த உயிரி ஆயுதத் திட்டமும் ஐ.நா.வின் கவனத்துக்கு வரவில்லை என்று அதன் ஆயுதக் களைவுப் பிரிவின் தலைவர் இசுமி நகமிட்சு அந்தக் கூட்டத்திலேயே சொன்னார். செய்தி நிற்கவில்லை. இது பொய் என்று சொல்லும் தளங்கள் ஏராளம். ஆனால் இதே பொய் இதற்கு முன் எங்கே, எப்போது, யார் வாயிலிருந்து வந்தது, ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு எத்தனை முறை திரும்பி வந்தது என்று தேதிவாரியாகக் காட்டும் இடம் குறைவு. அந்த ஒரு வேலைக்கு, இலவசமாகக் கிடைப்பவற்றில், கிரெம்ளின் (ரஷ்ய அரசு) சார்புப் பொய்களைப் பதிவுசெய்யும் ஈயு வெர்சஸ் டிஸ்இன்ஃபோ தரவுத்தளத்தை மிஞ்ச ஒன்றில்லை.

இதை நடத்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுச் சேவையில் இருக்கும் ஈஸ்ட் ஸ்ட்ராட்காம் பணிக்குழு. உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா கைப்பற்றிய மறு வருடம், 2015 மார்ச்சில், ஐரோப்பிய கவுன்சில் கேட்டுக்கொண்டதால் உருவானது. அந்த ஆண்டிலிருந்து சேர்ந்த பதிவுகள் 15,000ஐத் தாண்டிவிட்டன. லாகின் கிடையாது, கட்டணம் கிடையாது.

ஒரு பதிவைத் திறந்தால் தலைப்பிலேயே பொய் ஒரே வரியில் இருக்கும். கீழே இரண்டு பகுதிகள்: அந்த ஊடகம் சொன்னதன் சுருக்கம், அதற்கான மறுப்பு. பக்கத்தில் ஊடகத்தின் பெயர், வெளியான தேதி, மொழி, பேசப்படும் நாடுகள், குறிச்சொற்கள். கூடவே மூலக் கட்டுரையின் லிங்க்கும் அதன் காப்பகப் பிரதியும். இந்தக் கடைசி விஷயம்தான் தளத்தின் உயிர். ரஷ்ய அரசு ஊடகங்களான ஆர்டி, ஸ்புட்னிக் இரண்டையும் 2022 மார்ச் 2 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது. சென்னையிலிருந்து திறக்கிற மூல லிங்க் பாரிஸிலோ பெர்லினிலோ திறக்காமல் போகலாம். அங்கே இருப்பவர்களுக்குக் காப்பகப் பிரதிதான் கை கொடுக்கும். சில தளங்கள் கட்டுரையைச் சத்தமில்லாமல் திருத்தியும் விடும். அப்போதும் இதே பிரதிதான் சாட்சி.

மறுப்புகள் பெரும்பாலும் 'மீண்டும் மீண்டும் வரும் கிரெம்ளின் சார்புக் கதையாடல்' என்ற ரீதியில் ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தொடங்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் நின்றுவிடுங்கள்: இந்தப் பொய்க்கு முன்கதை இருக்கிறது என்று அர்த்தம். மறுப்புக்குள் பழைய பதிவுகளுக்கு லிங்க் இருந்தால் அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம்.

உயிரி ஆயுதக் கதையையே இப்படிப் பின்தொடர்ந்தால் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இருக்கும் லூகர் ஆய்வகத்தில் போய் நிற்கும். அங்கே அமெரிக்கா மனிதர்கள்மீது சோதனை நடத்துகிறது என்ற குற்றச்சாட்டை 2018 இலையுதிர் காலத்தில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகமே எடுத்துப் பேசியது. 2020இல் அதே ஆய்வகத்தின் தலையில் கொரோனாவைக் கட்டினார்கள். 2022இல் பெயர்ப்பலகை உக்ரைனுக்கு மாறியது. ஆய்வகம், பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை), ரகசியம், பொதுமக்கள் மரணம் என்ற நான்கு செங்கற்கள் மட்டும் மாறவே இல்லை. இதன் வேர் டெல்லியில் இருக்கிறது என்பதை நம் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1983 ஜூலையில் டெல்லியின் 'பேட்ரியாட்' நாளிதழில் பெயரில்லாத ஓர் 'அமெரிக்க விஞ்ஞானி'யின் கடிதம் வந்தது: எய்ட்ஸ் நோயைப் பென்டகன்தான் உருவாக்கியது என்று. இரண்டு வருடம் கழித்து சோவியத்தின் 'லிதெராதூர்னயா கஸேத்தா' அந்தக் கடிதத்தை ஆதாரமாகக் காட்டி உலகம் முழுக்கப் பரப்பியது. இந்தத் தரவுத்தளம் 2015இல் தொடங்குவதால் அந்த மூலக் கடிதத்துக்கு இதில் பதிவு கிடையாது. அதை வேறு இடத்தில்தான் படிக்க வேண்டும்.

தேடும் முறைக்கு வருவோம். உங்களிடம் வந்த செய்தியின் வாக்கியத்தை அப்படியே போட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. பதிவுகள் ஆங்கிலச் சுருக்கமாக இருப்பதால், பொய்யின் எலும்பை மட்டும் எடுத்து ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களாகப் போடுங்கள். எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை: கீவ் நகரத்தை உக்ரைனிய வழியில் (Kyiv) ஒரு முறை, ரஷ்ய வழியில் (Kiev) ஒரு முறை தேட வேண்டும். ஸெலென்ஸ்கியின் பெயரும் அப்படித்தான். பிறகு நாடு, மொழி ஃபில்டரைப் போட்டு, மிகப் பழைய பதிவிலிருந்து படித்து வாருங்கள். இதில் பலரும் வழுக்கி விழுவது ஒரு இடத்தில்: பதிவில் இருப்பது அந்த ஊடகம் வெளியிட்ட தேதி; பொய் பிறந்த தேதி அல்ல. டெலிகிராமில் அது அதற்கு முன்பே ஓடியிருக்கக்கூடும். எனவே 'முதன்முதலில்' என்று எழுதாமல், 'இந்தத் தரவுத்தளத்தில் முதல் பதிவு' என்றே எழுதுங்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு லிங்க்கையும், இணையப் பக்கங்களின் பிரதியைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் நீங்களும் ஒருமுறை சேமித்துவிடுங்கள்.

குறைகள் சிறியவை அல்ல. முதல் குறை, எண்ணிக்கையை நம்பிக் கிராஃப் போட முடியாது. இந்த வருடம் ஒரு நாட்டைப் பற்றி இருநூறு பதிவு, போன வருடம் நூறு என்றால் பொய் இரண்டு மடங்காகிவிட்டது என்று பொருளில்லை. கண்காணிக்கும் ஆட்கள் கூடியிருக்கலாம், ஒரு மொழி புதிதாகச் சேர்ந்திருக்கலாம். பேரேட்டில் ஏறியதுதான் கணக்கு. ஏறாதது எவ்வளவு என்று பேரேட்டுக்கே தெரியாது. இதைக் கவனிக்காமல் வரையப்பட்ட வரைபடங்கள் ஆய்வுக் கட்டுரைகளில்கூட வந்துவிடுகின்றன, வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, முத்திரை குத்தும் பிரச்சினை. 2018இல் மூன்று டச்சு ஊடகங்கள் தங்களைப் பொய் பரப்புவோர் பட்டியலில் சேர்த்துவிட்டதாக வழக்குக்குப் போயின. பதிவுகள் நீக்கப்பட்டன. இந்தத் தளத்தையே மூட வேண்டும் என்று டச்சு நாடாளுமன்றம் தீர்மானம் போடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. ஒருவர் சொன்னதைச் செய்தியாக வெளியிடுவதும், ஊடகமே அதைச் சொல்வதும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு நழுவினால் நேர்மையான பத்திரிகையின் பெயர் கெடும். பதிவில் ஒரு ஊடகத்தின் பெயர் இருப்பதாலேயே அது கிரெம்ளினோடு தொடர்புடையது என்று ஆகாது என இப்போது தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரியை எல்லாரும் படிக்க வேண்டும். ஓர் அரசு அமைப்பு தன் நாட்டுப் பத்திரிகைகளின் உண்மையை அளப்பது ஜனநாயகத்தில் கூர்மையான கத்தி. டச்சுக்காரர்களின் கோபம் நியாயமானது.

இதற்கு ஒரு கைமருந்து உண்டு. அதே வெளியுறவுச் சேவை 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆண்டறிக்கை, ஊடகங்களை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: அரசின் அதிகாரபூர்வக் குரல், அரசு கட்டுப்படுத்தும் ஊடகம், அரசோடு தொடர்பு நிரூபணமானது, தொடர்பு நிரூபணமாகாமல் அதே போக்கில் செல்வது. பதிவைப் படிக்கும்போது இந்த நான்கில் எது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது படிக்கு 'ரஷ்யா சொன்னது' என்று எழுதுவது தவறு.

மூன்றாவது குறைதான் பெரியது. இது தனித்தனிப் பொய்களைப் பிடிக்கும். பொய்யைக் கொண்டுவரும் குழாயைக் காட்டாது. 2022 செப்டம்பரில் ஈயு டிஸ்இன்ஃபோலேப், குரியம் என்ற இரு அமைப்புகள் அம்பலப்படுத்திய 'டொப்பல்கேங்கர்' இதற்கு நல்ல உதாரணம்: பிரபல பத்திரிகைகளின் தளங்களைப் போலியாக நகலெடுத்து ரஷ்ய சார்புப் பொய்களைப் பரப்பிய பிரச்சாரம் அது. ஜெர்மனியின் ஸ்பீகல் பத்திரிகைக்கு 'டாட் டிஇ' என்று முடியும் முகவரி. போலிக்கு 'டாட் எல்டிடி'. லோகோ, எழுத்துரு, பக்க அமைப்பு எல்லாம் அசலே. மெனுவில் எதை அழுத்தினாலும் உண்மையான ஸ்பீகலுக்கே போகும். பக்கத்தில் போலி அந்த ஒரு கட்டுரை மட்டும்தான். ஃபேஸ்புக் விளம்பரத்திலிருந்து ஒரு தற்காலிக டொமைன், அதிலிருந்து இன்னொன்று என்று தாவித்தாவி வந்து சேரும். பல பக்கங்கள் ஜெர்மனியிலிருந்து பார்த்தால்தான் திறக்கும். அதனால் வேபேக் மெஷின் சேமிக்கப் போனால் வெற்றுப் பக்கமோ சம்பந்தமில்லாத பக்கமோதான் மிஞ்சும். யுஆர்எல்ஸ்கேன் போன்ற கருவியில் நாட்டை ஜெர்மனி என்று தேர்ந்தெடுத்து, தாவும் பாதையோடு பதிவு செய்ய வேண்டும். இந்த மாதிரி வேலைக்குத் தரவுத்தளம் உதவாது. வெளிநாட்டு இணையத் தலையீட்டைக் கண்காணிக்கும் பிரான்ஸ் அரசின் விஜினம் அமைப்பு வெளியிடும் அறிக்கைகள் பல மடங்கு மேல்: 2024 பிப்ரவரியில் 'போர்ட்டல் கோம்பா' என்ற ரஷ்ய சார்பு வலையமைப்பு பற்றி வந்த அறிக்கை, டெலிகிராம் சேனல்களிலிருந்தும் ரஷ்யச் செய்தி நிறுவனங்களிலிருந்தும் தானாக நகலெடுக்கும் 193 தளங்களைக் குழாயோடு காட்டியது.

சீனாவைத் தேடி இங்கே வருபவர்களுக்கும் ஏமாற்றம்தான். பதிவுகளின் மையம் ரஷ்யா. சீனாவைப் பற்றிய செய்திகள் ஆண்டறிக்கைகளில்தான் அதிகம். 2020 ஏப்ரலில், இதே வெளியுறவுச் சேவையின் கொரோனா பொய்கள் பற்றிய அறிக்கை ஒன்று சீன அழுத்தத்தால் மென்மையாக்கப்பட்டதா என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் கேட்டது. ஒன்றியத்தின் அப்போதைய வெளியுறவுத் தலைவர் யோசப் பொரெல் மறுத்தார். எப்படியிருந்தாலும், ராஜதந்திரமும் பொய் வேட்டையும் ஒரே கூரையின்கீழ் நடக்கும்போது இந்தச் சந்தேகம் விலகாது.

சரிபார்ப்புப் பணியில் இருப்பவர்கள், சர்வதேசச் செய்தி மேசையில் இருப்பவர்கள், உக்ரைன் பற்றி எழுதுபவர்கள் இதை புக்மார்க்கில் வைத்துக்கொள்ளலாம். குடும்பக் குழுவில் வந்த ஒரு வீடியோவை ஐந்து நிமிடத்தில் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். வீடியோவை ஃபிரேமாகப் பிரித்துத் தேடித்தரும் இன்விட்-வீவெரிஃபை பிரவுசர் எக்ஸ்டென்ஷன் அதற்குப் போதும், அதுவும் இலவசம்தான்.